டொபலோவ்-ஷிரோவ் எண்ட்கேம வெச்சு எஞ்சின் டெஸ்ட் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற ரிசல்ட் வருது, ஏன்?

மன்னை_சிப்பாய்:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடில வீட்டு மாடில சாயங்காலம் பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்றேன், அகாடமி கிகாடமி எல்லாம் இல்ல, சுத்துப்பட்டு தெரு பசங்கதான், அதுல சில பேரு மாவட்ட போட்டிக்குப் போறாங்க. எதிர் கலர் பிஷப் எண்ட்கேம் (காய் கொறஞ்ச கடைசிக் கட்டம், ஒருத்தர் பிஷப் வெள்ளை கட்டத்துல, இன்னொருத்தரது கருப்பு கட்டத்துல) எடுக்கறப்ப 1998 லினாரெஸ் போட்டில கிராண்ட்மாஸ்டருங்க டொபலோவ் ஷிரோவ் ஆடுன கேம்ல வந்த அந்த பொசிஷன போர்டுல வெச்சேன். தெரியாதவங்களுக்கு சொல்லிடறேன், வெள்ளை ராஜா ஜி1, பிஷப் சி3, சிப்பாய் ஜி2 எச்4. கருப்பு ராஜா ஈ6, பிஷப் எஃப்5, சிப்பாய் ஏ4 டி5 எஃப்6 ஜி6. கருப்பு ஆடணும், 47வது மூவ். ரெண்டு சிப்பாய் எக்ஸ்ட்ரா இருந்தாலும் எதிர் கலர் பிஷப்புன்னா பாதிக்கு மேல டிராதான்னு நாம சொல்லிக் குடுப்போம்ல, ஷிரோவ் பிஷப்ப தூக்கி எச்3ல கொண்டுபோயி வெச்சாரு. அத வெள்ளையோட ஜி2 சிப்பாய் சும்மா வெட்டிக்கலாம். வெட்டினா கருப்பு ஜெயிக்குது.

பசங்க வாயப் பொளந்துட்டாங்க. உடனே ஒருத்தன் "சார் இத கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமா"ன்னான். அன்னைக்கு ராத்திரி லேப்டாப்ல ஸ்டாக்ஃபிஷ்னு செஸ் எஞ்சின் (மூவ் கணக்கு போடுற புரோகிராம்) போட்டேன், ரொம்ப நேரம் வேற ஏதோ ராஜா மூவ், பிஷப் மூவ்னு காட்டிட்டு இருந்துச்சு, அப்புறம்தான் எச்3க்கு மாறுச்சு. மறுநாள் பசங்களுக்கு காட்டலாம்னு கேம முழுசா நடத்திக் காமிச்சுட்டு திரும்ப பின்னாடி வந்து எஞ்சின ஆன் பண்ணா கண் மூடி தொறக்கறதுக்குள்ள எச்3ங்குது. சாயங்காலம் திரும்ப போட்டா மறுபடி லேட்டு. லீலான்னு இன்னொரு எஞ்சின் போட்டேன், எங்க லேப்டாப்ல கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அது எச்3 பக்கமே தலை வெச்சு படுக்கல. போன்ல டிராய்ட்ஃபிஷ்னு எஞ்சின் ஆப் வேற, அது ஒரு நாள் ஒரு மாதிரி.

கேள்வி இதான்: எண்ட்கேமுக்கு எந்த எஞ்சின் உசத்தின்னு இந்த மாதிரி ஒரு பொசிஷன் வெச்சு முடிவு பண்ணலாமா? ஏன் ஒரே எஞ்சின் ஒரே பொசிஷனுக்கு வேற வேற டைம் எடுக்குது? டேபிள்பேஸ் (கொஞ்ச காய் இருக்கற பொசிஷனுக்கெல்லாம் முடிவ முன்னாடியே கணக்கு போட்டு வெச்ச ஃபைல்) போட்டா சரியாயிடுமா, ஆறு காய்க்கு 150 ஜிபின்னு போட்டிருக்கான், நம்ம ஊரு நெட்டுல அத எறக்கறதுக்குள்ள அறுப்பு முடிஞ்சுடும்.


வெண்ணாறு64:

லிசெஸ் செஸ் சைட்ல போட்டு பாருங்க பாஸ், எனக்கு போன்ல உடனே எச்3 காட்டுச்சு. இதுக்கெல்லாமா டெஸ்ட்டு


குடந்தை ரூக்:

வெண்ணாறு தம்பி, உடனே காட்டுச்சுன்னு சொல்றீங்க பாருங்க, அதுலதான் விஷயமே இருக்கு. அந்த மாதிரி பேமஸ் பொசிஷன்னா லிசெஸ்ல ஏற்கனவே யாரோ ஓட்டி சேத்து வெச்ச கிளவுட் கணக்கு எடுத்துக் காட்டும், உங்க போன் யோசிச்சது இல்ல அது. கிளவுட்னு சின்னதா போட்டிருக்கும் பாருங்க.

மன்னை சார் கேஸ்ல நடந்தது அதே கதையோட வீட்டு வெர்ஷன். கேம முழுசா நடத்திக் காமிச்சு பின்னாடி வந்தேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. எஞ்சின் ஆன்ல இருக்கறப்ப எச்3 ஆடி, வெட்டி, ராஜா எஃப்5, ஈ4னு முன்னாடி போயிட்டீங்கன்னா அந்த பொசிஷனுங்களோட கணக்கெல்லாம் ஹாஷ் டேபிள்ங்கற எஞ்சின் மெமரில உக்காந்துடும், திரும்ப 47க்கு வந்தா அது யோசிக்கறதே இல்ல, எழுதி வெச்சத பாத்து ஒப்பிக்குது. பரிட்சைக்கு முன்னாடியே கொஸ்டின் பேப்பர் குடுத்த மாதிரி. அதனால ஒவ்வொரு டெஸ்ட்டுக்கு முன்னாடியும் ஹாஷ கிளியர் பண்ணுங்க, பட்டன் இல்லாத ஆப்னா எஞ்சின நிறுத்திட்டு திரும்ப லோடு பண்ணுங்க. ஸ்டாக்ஃபிஷ்ல ஹாஷ் டீஃபால்ட் வெறும் 16 எம்பிதான், நீங்க மாத்தலேன்னா ரொம்ப நேரம் ஓடுற கணக்குக்கு அது பத்தவே பத்தாது, ரொம்பி வழிஞ்சு பழசு அழிஞ்சு புதுசு எழுதும். 1 ஜிபியாவது குடுங்க, லேப்டாப்ல 8 ஜிபி ரேம் இருந்தா 2 கூட குடுக்கலாம்.

ரெண்டாவது திரெட்ஸ், அதாவது ஒரே நேரத்துல எத்தன கணக்கு பக்கத்துல பக்கத்துல ஓடுதுங்கறது. நாலு திரெட் போட்டா நாலும் ஒரே ஹாஷ்ல எழுதும் படிக்கும், யாரு முந்தி எழுதறாங்கங்கறது அந்தந்த நேரத்துல உங்க விண்டோஸ் என்ன பண்ணிட்டு இருக்குங்கறத பொறுத்தது, அதனால ஒரே பொசிஷன் ஒரே ஹாஷ் சைஸ் எல்லாம் ஒண்ணா இருந்தும் ஒரு தடவை 28 டெப்த்ல (தேடுற ஆழம்) காட்டும் ஒரு தடவை 40ல காட்டும். ஒரே ஒரு திரெட் போட்டு ஹாஷ் கிளியர் பண்ணி ஓட்டினீங்கன்னா எத்தன தடவை ஓட்டினாலும் நோடு (எஞ்சின் பாத்த பொசிஷன்) கணக்கு அச்சு அசலா அதேதான் வரும். ஒப்பிடணும்னா அப்படி ஒப்பிடுங்க. நாலு திரெட்லதான் பாக்கணும்னா பல தடவை ஓட்டி நடுவுல வர்றத எடுங்க, ஒரு தடவை ஓட்டிட்டு பேசக்கூடாது.

மூணாவதுதான் நம்மூரு மேட்டர். செகண்ட் கணக்குல அளக்காதீங்க. சித்திரை வைகாசில நம்ம பக்கம் லேப்டாப் அஞ்சு நிமிஷம் முழு ஸ்பீடுல ஓடினா சூடாயி தானா ஸ்பீட கொறச்சுக்கும், காலைல செகண்டுக்கு பத்து லட்சம் நோடு பாத்தது மத்தியானம் ஆறு லட்சம்தான் பாக்கும். போன் இன்னும் மோசம். சாயங்காலம் லேட்டா வருதுங்கறீங்கள்ல, பாதி காரணம் மாடி ரூமு ஓடு சூடா கூட இருக்கலாம் சார். நோடு எண்ணிக்கைல அளங்க, எச்3க்கு மாறி அப்புறம் மாறாமயே நின்ன அந்த இடத்துல நோடு எவ்வளவுன்னு எழுதி வைங்க. மாறாம நிக்கறது முக்கியம், சில சமயம் எச்3 காட்டும், அடுத்த டெப்த்ல விட்டுடும், திரும்ப வரும்.


நாகை காத்து:

ரூக் அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணுல மட்டும் ஜாக்கிரதை. நோடு கணக்கு ஒரே எஞ்சினோட ரெண்டு வெர்ஷன ஒப்பிடத்தான் ஆவும். ஸ்டாக்ஃபிஷ் நோடையும் லீலா நோடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அர்த்தமே இல்ல. ஸ்டாக்ஃபிஷ் சின்ன நெட்டு (பொசிஷன மதிப்பு போடுற நியூரல் நெட்வொர்க்) வெச்சு செகண்டுக்கு லட்சக்கணக்குல பாக்குது, என்என்யுஇங்கற அந்த நெட்டு சமாச்சாரமே ஜப்பான் செஸ்ஸான ஷோகிக்காக 2018ல யூ நாசுங்கறவரு பண்ணது, 2020 செப்டம்பர்ல ஸ்டாக்ஃபிஷ் 12ல வந்துச்சு, சாதாரண சிபியூல ஓடுறதுக்குன்னே செஞ்சது. லீலா பெரிய நெட்டு, ஜிபியூ (கிராபிக்ஸ் கார்டு) இல்லேன்னா நொண்டும். அதோட லீலா தேடுற முறையே வேற, நெட்டு முதல்ல ஒவ்வொரு மூவுக்கும் இது இவ்வளவு சதவீதம் நல்லாருக்கலாம்னு ஒரு மதிப்பு போடும், மதிப்பு அதிகமான மூவத்தான் திரும்ப திரும்ப போயி பாக்கும். பிஷப்ப சும்மா குடுக்கற மூவுக்கு அந்த மதிப்பு ஒண்ணுமில்லாம இருந்தா உங்க லேப்டாப் வேகத்துல விடியற வரைக்கும் ஓட்டினாலும் அது அந்தப் பக்கம் போகாது. நல்ல ஜிபியூல ஓட்டினா கதை வேற.

ஸ்டாக்ஃபிஷ் லேட்டா கண்டுபிடிக்கறதுக்கும் காரணம் இருக்கு, அது எல்லா மூவையும் ஒரே ஆழத்துக்கு பாக்கறதில்ல. நல்லாருக்கும்னு தோணுற மூவ முன்னாடி வரிசைப்படுத்தி ஆழமா பாக்கும், லிஸ்ட்ல கடைசில கெடக்கறத மேலோட்டமா பாத்துட்டு தள்ளிடும். பிஷப் எச்3 கடைசில கெடக்கற ஜாதி. ஆனா அந்த தள்ளுறதாலதான் அது மத்த 999 பொசிஷன்ல அவ்வளவு ஆழம் போக முடியுது. தள்ளுறத கொறைச்சு எச்3 மாதிரி மூவ சட்டுனு பிடிக்கற எஞ்சின் செய்யலாம், செஞ்சிருக்காங்க, ஸ்டாக்ஃபிஷ்ஷயே எடுத்து கோட்டை பொசிஷன் (எதிராளி உள்ள வர முடியாம அடைச்சது), ஜுக்ஸ்வாங் (எத நகத்தினாலும் நஷ்டம்) இதுக்கெல்லாம் மாத்தின கிரிஸ்டல் மாதிரி வெர்ஷனுங்க இருக்கு, அனாலிசிஸுக்கு நல்லா உதவும், நேருக்கு நேர் ஆடினா ஒரிஜினல்கிட்ட நிக்கறது கஷ்டம்.

அதனாலதான் சொல்றேன், ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்ங்கறது எஞ்சின் விஷயத்துல எடுபடாது. ஸ்டாக்ஃபிஷ் பண்றவங்களே ஒரு மாற்றத்த சேக்கலாமா வேணாமான்னு பொசிஷன் வெச்சு முடிவு பண்றதில்ல, 2013லேர்ந்து ஃபிஷ்டெஸ்ட்னு ஒண்ணு வெச்சு ஊரு ஒலகத்துல உள்ளவங்க கம்ப்யூட்டர்ல ஆயிரம் ஆயிரமா கேம் ஆட வெச்சுத்தான் முடிவு பண்றாங்க. எச்3 டெஸ்ட் உங்களுக்கு எச்3 பத்தித்தான் சொல்லும்.


மன்னை_சிப்பாய்:

ரூக் சார், காத்து தம்பி ரெண்டு பேருக்கும் நன்றி. ஒரு திரெட், 1 ஜிபி ஹாஷ், ஒவ்வொரு தடவையும் கிளியர் பண்ணி ஓட்டினேன், நீங்க சொன்ன மாதிரியே நோடு எண்ணிக்கை ஒத்த எண் மாறாம வருது, பசங்களுக்கு இதுவே பெரிய வேடிக்கையா போச்சு. அப்புறம் பழைய ஸ்டாக்ஃபிஷ் 11 ஒண்ணு எறக்கி வெச்சேன், நெட்டு வர்றதுக்கு முன்னாடி உள்ளது, அத ராத்திரி ஓட விட்டா நடுராத்திரி கரண்ட் போயி லேப்டாப் பேட்டரியும் தீந்து காலைல வெறும் கருப்பு ஸ்கிரீன். திரும்ப ஓட்டணும்.

ஆனா காத்து தம்பி சொன்னதுல ஒரு சந்தேகம். ஒரு பொசிஷன் வெச்சு முடிவு பண்ணக்கூடாது சரி, நான் பசங்களுக்கு எண்ட்கேம் எடுக்கறவன், எனக்கு எஞ்சின் டோர்னமெண்ட் ஜெயிக்க வேண்டாம், நான் போடுற பொசிஷனுக்கு பொய் சொல்லாம இருந்தா போதும். அதுக்கு எப்படி டெஸ்ட் பண்றது? எஞ்சின் மதிப்பு பிளஸ் ரெண்டுன்னு (வெள்ளைக்கு சாதகம்) காட்டுது, பசங்க வெள்ளை ஜெயிச்சாச்சுன்னு எழுந்திரிச்சு போயிடறானுங்க.


நீடாமங்கலம் கேட்:

பொய் சொல்ற எஞ்சின் பாக்கணும்னா 2017ல பென்ரோஸ் இன்ஸ்டிடியூட் விட்ட புதிர போட்டு காட்டுங்க சார். வெள்ளைக்கு ராஜா ஈ2, சிப்பாய் ஏ2 பி3 சி4 சி6, அவ்வளவுதான். கருப்புக்கு ராஜா ஏ6, ராணி ஏ5, யானை ஏ4 பி5, பிஷப் மூணு ஈ5 எஃப்4 ஜி3, சிப்பாய் ஏ3 பி4 சி5 பி6 ஏ7. வெள்ளை ஆடணும். எஞ்சின பாத்தா கருப்புக்கு அள்ளிக் குடுக்கும். உத்துப் பாத்தா ராணி, யானை, ராஜா எல்லாம் மூலைல அடைஞ்சு கெடக்கு, நகர்றதுக்கு பிஷப்ப தவிர எதுவும் இல்ல, அந்த பிஷப் மூணும் கருப்பு கட்டத்துல ஓடுறது, வெள்ளை ராஜா வெள்ளை கட்டத்துலயே சுத்தி வந்தா செக் கூட குடுக்க முடியாது. பத்து வயசு பையன் ரெண்டு நிமிஷத்துல டிரான்னு சொல்லிடுவான். இந்த மாதிரி கோட்டை பொசிஷன்ல ஆழம் போறதால பிரயோஜனம் கம்மி, எஞ்சின் எவ்வளவு ஆழம் போனாலும் காய் எண்ணிக்கை அதேதான இருக்கு.

ஆக டெஸ்ட் ரெண்டு வகையா வைங்க. ஒண்ணு ஷிரோவ் மாதிரி, ஒரு அதிசய மூவ் இருக்கு, கண்டுபிடிக்குதா. இன்னொண்ணு பென்ரோஸ் மாதிரி, மூவே வேண்டாம், சும்மா இருந்தா டிரா, அது தெரியுதா. முதல்ல நல்லா பண்ற எஞ்சின் ரெண்டாவதுல சொதப்பலாம். அப்புறம் நம்பர நம்பாதீங்க, ஸ்டாக்ஃபிஷ் 15.1லேர்ந்து பிளஸ் 1னா ஒரு சிப்பாய் கூட இருக்குன்னு அர்த்தம் இல்ல, அந்த எஞ்சினே அதுகிட்ட ஆடினா பாதி தடவை ஜெயிக்கும்ங்கற மாதிரி அளவ மாத்திட்டாங்க. நம்பர் பாக்கறதுக்கு பதிலா அந்த பொசிஷன்லேர்ந்து எஞ்சினையும் எஞ்சினையும் மோத விடுங்க, கலர் மாத்தி திரும்ப மோத விடுங்க. பிளஸ் ரெண்டுன்னு சொன்னது அம்பது மூவ் கழிச்சும் பிளஸ் ரெண்டாவே நின்னா அது கோட்டைன்னு பசங்களுக்கே புரிஞ்சுடும்.

இவ்வளவு எழுத எனக்கு எங்க டைம்னு கேக்காதீங்க, எங்க ஊரு ரயில்வே கேட்ல மாட்டுனவனுக்கு டைம்தான் இருக்கு. அப்புறம் மன்னை சார், பசங்கள ஒரு நாள் பூவனூர் கூட்டிட்டு போங்க, உங்களுக்கு பக்கம்தான, சதுரங்க வல்லபநாதர் கோயில். ராஜா மகளோட சதுரங்கம் ஆடி ஜெயிச்சு கட்டிக்கிட்டவராம், 2022 ஒலிம்பியாட் சமயத்துல டிவில எல்லாம் வந்துச்சு. எஞ்சின் எச்3 காட்டலேன்னா அவர்கிட்ட ஒரு அர்ச்சனை போட்டுடலாம்.


வெண்ணாறு64:

அர்ச்சனைக்கு திரெட் எத்தன போடணும் கேட் அண்ணே 😄

சரி எனக்கு ஒரு டவுட், பிஷப்ப எச்3க்கு ஏன் கொண்டு போவணும், வேற எங்கயாவது நகத்தினா ராஜா எஃப்5 வந்துடாதா? எஞ்சின் காட்டுதுன்னு சொல்றீங்களே தவிர யாரும் இத சொல்லலயே


நாகை காத்து:

நல்ல கேள்வி தம்பி. கருப்பு ராஜா ஈ4க்கு வரணும், வந்தா வெள்ளை ராஜா ஈ3 டி4னு வந்து சிப்பாய மறிக்க முடியாது. வழில எஃப்5ல நம்ம பிஷப்பே குறுக்க நிக்குது. நகத்தணும், ஆனா நகத்துற அந்த ஒரு மூவுல வெள்ளை ராஜா எஃப்2 வந்துடும். பிஷப் டி3 போனா ராஜா எஃப்2, ராஜா எஃப்5, ராஜா ஈ3, கதவு சாத்தியாச்சு. பிஷப் ஈ4 போனா ஜி2 மேல மிரட்டல் இருக்கு, ஆனா நாம வர வேண்டிய கட்டத்துலயே அது உக்காந்துடுச்சு, வெள்ளை ஜி3 போட்டுட்டு ராஜாவ எஃப்2, ஈ3னு கொண்டு வந்துடும்.

எச்3 போனா வெள்ளை வெட்டணும், வெட்டுற மூவுல ராஜா நகரல. ராஜா எஃப்5, ராஜா எஃப்2, ராஜா ஈ4, முடிஞ்சுது. அப்புறம் எஃப்6 சிப்பாய வெட்டினாலும் டி4 தள்ளி, ராஜா டி3, சி4, பி3னு போயி ஏ சிப்பாயும் டி சிப்பாயும் ரெண்டு பக்கமும் ஓடும், ஒத்த பிஷப் ரெண்டையும் பாக்க முடியாது. டொபலோவ் 53வது மூவோட ரிசைன் பண்ணிட்டாரு. வெட்டாம ராஜா எஃப்2 ஆடினா ராஜா எஃப்5, ராஜா எஃப்3, இப்ப பிஷப் ஜி2ல வெட்டி செக், ராஜா அத வெட்டப் போனா ஈ4 காவல் போச்சு. ஒவ்வொரு தடவையும் பிஷப்ப குடுத்து ஒரு மூவ வாங்குது.

மன்னை சார், எஞ்சின் எந்த நோடுல காட்டுதுங்கறத விட பசங்கள இத காய் தொடாம சொல்ல வைங்க.


தஞ்சை பெரியகட்டம்:

டேபிள்பேஸ் பத்தி யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். ஷிரோவ் பொசிஷன்ல பத்து காய் இருக்கு. உலகத்துல முழுசா கணக்கு போட்டு வெச்சிருக்கறது ஏழு காய் வரைக்கும்தான். அதனால டேபிள்பேஸ் நேரா பதில் சொல்லாது, தேடிட்டே போறப்ப காய் வெட்டுப்பட்டு ஆறு காய்க்கு வந்த கிளைங்கள்ல மட்டும் உதவும், டிபிஹிட்ஸ்னு ஒரு எண் ஓடும் பாருங்க, அது ஏறிச்சுன்னா உதவுதுன்னு அர்த்தம், பூஜ்யமாவே இருந்தா ஃபைல் இருக்கற ஃபோல்டர் பாத் தப்பா குடுத்திருக்கீங்க.

இந்த டேபிள்பேஸுக்கு பேரு சிஸிஜி, 2013ல ரொனால்ட் டி மான் பண்ணது. மூணு நாலு அஞ்சு காய் மொத்தமும் சேத்தே ஏறக்குறைய 1 ஜிபிதான், அது போன்லயே வெச்சுக்கலாம், பசங்களுக்கு யானை சிப்பாய் எண்ட்கேம் எடுக்க அதுவே தாராளம். ஆறு காய் 150 ஜிபி. ஏழு காய் 17, 18 டிபி, அத மறந்துடுங்க, லிசெஸ்ல ஆன்லைன்ல இலவசமா பாக்கலாம். ஆறு காய் போட்டீங்கன்னா ஹார்ட் டிஸ்க்ல போடாதீங்க, எஸ்எஸ்டில போடுங்க, ஒவ்வொரு தடவையும் டிஸ்க் சுத்தி தேடுறதுக்குள்ள எஞ்சின் வேகம் படுத்துடும், டேபிள்பேஸ் இல்லாமயே நல்லா ஓடியிருக்கும்னு ஆயிடும். எஸ்எஸ்டில இடம் இல்லேன்னா ஜெயிப்பா டிராவான்னு மட்டும் சொல்ற டபிள்யூடிஎல் ஃபைல மட்டும் எஸ்எஸ்டில வைங்க, மத்தது ஹார்ட் டிஸ்க்ல கெடக்கட்டும்.

பசங்களுக்கு காட்டறப்ப ஒண்ணு கவனிங்க. சிஸிஜி மேட்டுக்கு எத்தன மூவ்னு சொல்லாது, அடுத்த சிப்பாய் நகர்றதுக்கோ காய் வெட்டறதுக்கோ எத்தனன்னுதான் சொல்லும், அம்பது மூவ் ரூலுக்காக (அம்பது மூவ் சிப்பாய் நகராம, காய் வெட்டாம போனா டிரா கேக்கலாம்) அப்படி செஞ்சது. அதனால சில சமயம் நல்லா ஜெயிக்கற பொசிஷன்ல ஒரு காய பட்டுனு குடுத்துட்டு வேற ஜெயிக்கற எண்ட்கேமுக்கு போயிடும், தப்பு இல்ல, ஆனா எட்டாங்கிளாஸ் பையன் அத பாத்து கத்துக்கக் கூடாது. ஏழு காய்ல 549 மூவ்ல மேட்டுன்னு ஒண்ணு இருக்கு, மாஸ்கோ யுனிவர்சிட்டி லோமொனோசோவ் கம்ப்யூட்டர்ல போட்டது, அம்பது மூவ் ரூல் வெச்சா அது டிரா. சிஸிஜி செட்டிங்ல அந்த ரூல் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க, ஆஃப்ல இருந்தா போட்டில டிரா ஆகறத ஜெயிப்புன்னு காட்டும்.


மன்னை_சிப்பாய்:

பெரியகட்டம் சார், அஞ்சு காய் இன்னைக்கே எறக்கிடறேன். பென்ரோஸ் பொசிஷன் நேத்து போட்டேன், பசங்க சிரிச்ச சிரிப்புல கீழ் வீட்டம்மா மேல வந்துட்டாங்க. ஸ்டாக்ஃபிஷ் 11 ஓட்டி முடிச்சதும் நோடு கணக்கு இங்க போடறேன், இந்த தடவை பகல்ல ஓட்டறேன்.

ஆறு காய்க்கு மட்டும் வழி சொல்லுங்க. என் டேட்டா பிளான் தாங்காது.


தஞ்சை பெரியகட்டம்:

எறக்கவே வேணாம். என்கிட்ட முழுசா இருக்கு, ஃபைல் கெடலன்னு செக்சம் பாத்து வெச்சது. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கெழமை காலைல தஞ்சாவூர் புது பஸ்ஸ்டாண்ட் வாங்க, மெசேஜ் போடுங்க. பென்டிரைவ் எடுத்துட்டு வராதீங்க, எழுதி முடிக்க பொழுது சாஞ்சுடும்.


குடந்தை ரூக்:

எனக்கும் ஒரு காப்பி வேணும் சார், நானும் அதே ஞாயித்துக்கெழமை வந்துடறேன். மன்னை சார், கம்ப்யூட்டர் கண்டுபிடிக்குமான்னு கேட்ட அந்த பையன கூட்டிட்டு வாங்க, பஸ்ஸ்டாண்ட்லயே ஒரு கேம் போட்டுடுவோம்.